பூபதியின் வெயில்

உங்கள் படிவத்தில் "இந்தத் தம்பதியைப் பற்றி நீங்கள் அறிந்தவை" என்ற கேள்விக்குக் கீழே நான்கு கோடுகள் விட்டிருக்கிறீர்கள். நான்கு கோட்டுக்குள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிவிடுகிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள் போலும். நான் அந்த ரகம் இல்லை. ஆகவே தனித் தாளில் எழுதுகிறேன். தாய்மொழியில் எழுதலாம், நாங்கள் மொழிபெயர்த்துக்கொள்வோம் என்று அடியில் போட்டிருந்தது நல்ல ஏற்பாடு. ஆரா நகரில் அந்த வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர். இருவரையும் எனக்குத் தெரியும். அதில் ஒருவரின் தமிழ் அவ்வளவு சுகமில்லை. மற்றவரிடம் கொடுங்கள்.

என் பெயர் தம்பித்துரை. வயது அறுபத்து மூன்று. சுவிஸுக்கு வந்து, டாவோஸ் மலையில் ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்திரண்டு வருடம் கோப்பை கழுவினேன். குனிந்து நின்றே இடுப்பும் நாரியும் விட்டுப்போன பிறகு மலையிலிருந்து இறங்கி ஆராவுக்கு வந்தோம். மனைவி யோகாம்பாள் முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலைக்குப் போகிறாள். பகலில் வீட்டில் நான் மட்டும். மூன்றாம் மாடி. குசினி யன்னலில் நின்றால் கட்டட வாசல், தபால் பெட்டிகள், கார் நிறுத்தும் இடம் மூன்றும் தெரியும். கதவிலுள்ள கண்ணாடித் துளையால் பார்த்தால், நீங்கள் விபரம் கேட்கிற ரிஷானி வீட்டுக் கதவு நேரெதிரே தெரியும். இதை வேவு பார்ப்பது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்தி வேண்டுமென்றால் அவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள்.

பின்னேரங்களில் ஸ்டேஷனுக்குப் பின்னால் தவச்செல்வனின் பலசரக்குக் கடையில் இருப்பேன். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கதிரை உண்டு. இந்த நகரத்துத் தமிழ்ச் சனத்தில் எந்தக் கலியாணம் குழம்பும், எந்தச் சாப்பாட்டுக் கடை பூட்டும், எவருடைய மகன் படிப்பை இடையில் விடுவான் என்று அந்தக் கதிரையிலிருந்து நான் சொன்னவை ஒன்றும் பிழையாகப் போனதில்லை. நான் சாத்திரி இல்லை. கண் இருக்கிறது, பார்க்கிறேன். நடக்காததை நான் சொல்வதில்லை. இந்தக் கடிதத்திலும் அப்படித்தான்.

ரிஷானியும் அபிசனும் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது, பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர். அவன் ரயில் பெட்டிகள் திருத்துகிற இடத்தில் வேலை. கலியாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. அதற்காக அவர்கள் ஏறி இறங்கிய ஆஸ்பத்திரிகள் உங்கள் கோப்பில் இருக்கும், நான் எழுதவில்லை. கடைசியில் ஒரு வளர்ப்புப் பிள்ளையை ஏற்போம் என்று உங்கள் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார்கள். அதை முதலில் அறிந்தவன் நான். உங்கள் முத்திரையோடு வந்த தடித்த உறை தபால் பெட்டிக்குள் அடங்காமல் பாதி வெளியே நின்றது.

விண்ணப்பம் போட்ட கையோடு, அவளுக்கு ஓணான் வளர்க்கும் ஆசை வந்தது. ஜெர்மனில் பார்ட்டகாமே என்கிறார்கள். ஆஸ்திரேலியாப் பாலைவனத்துப் பிராணி, கழுத்தடியில் முள்ளுத் தாடி. என்ன பெயர் சொன்னாலும் ஓணான் ஓணான்தான். இவள் அதுவரை ஒரு மீன்குஞ்சைக்கூட வளர்த்ததில்லை.

ஓணானுக்கு முன்னால் அதன் வீடு வந்தது. ஒன்றரை மீட்டர் நீளத்தில் மரப்பெட்டி, முன்பக்கம் தள்ளுகிற கண்ணாடிக் கதவு. லிஃப்டுக்குள் அடங்காமல் அபிசனும் இன்னொருவனும் படியால் தூக்கி வந்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இவ்வளவு பெருசோ பிள்ளை, ஒரு ஓணானுக்கு?"

"சட்டத்தில ஆகக் குறைஞ்ச அளவு இருக்கு மாமா. நாங்கள் அதைவிடக் கொஞ்சம் கூட்டி எடுத்தனாங்கள்."

டாவோஸில் நானும் இன்னொருவரும் படுத்த அறைக்கு அப்படி ஒரு அளவை எந்தச் சட்டமும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

பெட்டியின் ஒரு கரையில் கருங்கல் பலகை, அதன்மேல் சூடு கொடுக்கும் விளக்கு. கல்லில் நாற்பத்திரண்டு பாகை இருக்க வேண்டுமாம், மறுகரையில் இருபத்தைந்துக்கு மேல் போகக் கூடாதாம். சூடு கூடினால் அது மறுபக்கம் நடக்குமாம், குளிர்ந்தால் திரும்பி வருமாம். ஒளிந்துகொள்ள மரப்பட்டைக் குகை, ஏற ஒரு கொப்பு. குட்டி மணலைத் தின்றால் குடல் அடைத்துவிடுமென்று நிலத்துக்கு மணல் போடவில்லை. மூன்று வெப்பமானிகள். பெட்டியின் முகட்டில், நீளத்துக்கு ஒரு ரியூப் லைட். அதைத்தான் அவள் எல்லோருக்கும் தொட்டுக் காட்டினாள்.

"இது வெளிச்சத்துக்கு இல்லை மாமா, வெயிலுக்கு. இந்த வெயில் படாட்டி அது தின்னுற சுண்ணாம்புச் சத்து எலும்பில சுவறாது. எலும்பு றப்பர் மாதிரி வந்திடும்."

மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், வெறும் பெட்டிக்கு லைட் போட்டு, காலையும் மாலையும் சூட்டை அளந்து கொப்பியில் எழுதினாள். எங்கிருந்தோ ஒரு கருவி இரவல் வாங்கி, அந்த ரியூப்பின் வெயிலையும் அளந்தாள். உள்ளே ஒரு பூச்சிகூட இல்லை. அவள் ஒரு கதிரையைப் போட்டு அந்த வெறும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். கதவு திறந்திருந்த நேரங்களில் நான் கண்டேன். சிரிப்பை அடக்குவது சிரமமாக இருந்தது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். நாங்கள் புது வீட்டுக்குப் போகும்போது நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபூருவோம். மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, நல்ல நேரத்தில், ரிஷானி ஓணான் பெட்டிக்குப் பால் காய்ச்சினாள். பகிடிக்குத்தான் என்று சொன்னாள். ஆனால் பொங்கல் உண்மையான பொங்கல், சாமிப் படத்துக்குப் பூவும் உண்மையான பூ. எங்களையும் கீழ் மாடிச் சுவிஸ் குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தாள். உள்ளங்கை நீளத்தில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து கல்லில் விட்டாள். பூபதி என்று பெயர். அது தலையைச் சரித்து எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

குடிபூரலென்றால் வீட்டுக்காரருக்கு ஒரு வாய் கொடுப்பது முறைதானே. நான் பொங்கலில் ஒரு துளி விரலில் எடுத்து நீட்டினேன். ரிஷானி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"ஐயோ மாமா, வேண்டாம். சீனி கூடாது. நீங்கள் முதல் கையைக் கழுவிட்டு வாங்கோ. சோப் போட்டு."

அந்தச் சுவிஸ்காரி சிரித்தாள். யோகாம்பாளும் சிரித்தாள். நான் போய்க் கழுவினேன். இருபத்திரண்டு வருடம் மற்றவன் தின்ற கோப்பைகளைக் கழுவிய கை இது. இதைக் கழுவிவிட்டு வரச் சொன்னது ஒரு ஓணானுக்காக. இதனால்தான் நான் செய்தேன் என்று நீங்கள் எடுக்கக் கூடாது. அவ்வளவு சின்ன மனம் எனக்கில்லை. நடந்ததால் எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் கடைக்குப் போக முன்னமே செய்தி போயிருந்தது.

"என்ன அண்ணை, முன்வீட்டில ஓணானுக்குக் குடிபூரலாம்?" என்றான் தவச்செல்வன்.

"ஓம். பால் காய்ச்சி, பொங்கி எல்லாம் நடந்தது. ஐயர் ஒருத்தர்தான் குறை."

"எத்தனை நாளைக்கு வைச்சிருப்பா?"

"அதுக்கு வெயில் வேணும், சூடு வேணும், அளவு வேணும். இவ ஒரு பூக்கண்டு வைச்சு ஒழுங்கா வந்ததோ? தீபாவளிக்கு அது இருக்காது. எழுதி வை."

தவச்செல்வன் உண்மையாகவே எழுதினான். கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிற கோயில் கலண்டரில் ஒக்டோபர் தாளைப் புரட்டி, தீபாவளிக் கட்டத்தில் நீலப் பேனாவால் "ஓணான்" என்று எழுதினான். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்து சிரித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏப்ரல் போனது, மே போனது. அது சாகவில்லை. சாகாதது மட்டுமில்லை, வளர்ந்தது. ஒரு சாணைத் தாண்டி ஒன்றரைச் சாண் ஆனது. வயிறு மஞ்சளித்து மினுங்கியது. ரிஷானி வேலையால் வரும் சத்தம் கேட்டால் கல்லிலிருந்து இறங்கிக் கண்ணாடிக்கு ஓடிவருமாம். அவள் கையை வைத்தால் ஏறித் தோளில் இருக்குமாம். ஆற்றங்கரையில் மஞ்சள் பூப்பூக்கும் புல் பிடுங்கி வந்து கழுவிக் கொடுத்தாள். உயிரோடு வாங்கி வந்த சில்வண்டுகளைச் சுண்ணாம்புத் தூளில் பிரட்டிக் கொடுத்தாள். எல்லாம் கொப்பியில் எழுதினாள்.

கடையில் கதை மாறத் தொடங்கியது. நான் உள்ளே போனால் தவச்செல்வன் கேட்பான்: "அண்ணை, உங்கட ஆள் சுகமோ?" யார் என்று கேட்க மாட்டேன். தேங்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிற ஒருவர் சொல்வார்: "பூபதி பென்சன் எடுத்திட்டுத்தான் போவான் போல." எல்லோரும் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர், நான் சொன்ன ஒரு சொல்லை நம்பித் தன் மகளின் சம்பந்தத்தை நிறுத்தியவர். அப்படிப்பட்டவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு சொல் பிழைத்தால் முன்பு சொன்ன சொற்களையும் சனம் திருப்பிப் பார்க்கத் தொடங்கும். அந்தப் பெட்டைக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. ஓணான் ஒரு சாதாரண விசயம் இல்லை என்பது உங்களுக்கு இப்போது விளங்கும்.

ஜூனில் நீங்களே வந்தீர்கள், அம்மணி. நீலக் கோட்டு, தோளில் துணிப்பை, ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் உள்ளே இருந்தீர்கள். நீங்கள் போன பிறகு ரிஷானி நேராக எங்கள் கதவைத் தட்டினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழுகை இல்லை.

"மாமா, அவ வீடு முழுக்கப் பார்த்தவ. பேந்து பூபதியின்ர பெட்டிக்கு முன்னால நிண்டு கொப்பியை வாசிச்சவ. ஒரு உயிர் வர முதல் இவ்வளவு ஆயத்தம் செய்யிற ஆக்களைத்தான் தேடுறம் எண்டு சொன்னவ."

"அப்ப ஓணான்தான் பிள்ளையைக் கொண்டு வரப்போகுது எண்டு சொல்லு."

"அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோவன்," என்று சிரித்தாள். தன் விபரம் கேட்க வேண்டுமென்றால் கேட்கலாம் என்று என் பெயரையும் உங்களிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். "நீங்கள்தானே மாமா எங்களை எப்பவும் பார்க்கிற ஆள்." அது உண்மை.

ஜூலையில் இரண்டு கிழமை இத்தாலிக் கடற்கரைக்குப் போனார்கள். வீட்டுத் திறப்பை, அதுதான் சாவியை, என்னிடம் தந்தார்கள். இந்த நாட்டில் விடுமுறைக்குப் போகிறவர்கள் பூக்கண்டுக்குத் தண்ணீர் ஊற்ற முன்வீட்டில் திறப்புக் கொடுப்பது வழமை. அவளும் கொடுத்தாள், இரண்டு பக்கத்தில் ஒரு தாளும் கொடுத்தாள். காலையில் என்ன, பின்னேரம் என்ன, எத்தனை சில்வண்டு, எப்போது தண்ணீர் தெளிப்பது என்று. கை கழுவுவதும் இருந்தது, அடிக்கோடு போட்டு. கடைசியில் ஒரு குறிப்பு: "ரியூப் எரியுதெண்டு பார்த்து நம்பாதேங்கோ மாமா. உள்ளுக்கு இருக்கிற வெயில் முடிஞ்சாலும் வெளிச்சம் அப்பிடியே எரியும். கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது. நாங்கள் வருசத்துக்கு ஒருக்கா மாத்துவம்."

எனக்கு அந்த விபரம் தெரியாது. அவள்தான் தன் கையெழுத்தில் எழுதித் தந்தாள்.

நான்காம் நாள் அந்த ரியூப்பைக் கழற்றிப் பழைய பத்திரிகையில் சுற்றி, பஸ் ஏறி, சாமான் கடைக்குக் கொண்டுபோனேன். குசினி அலுமாரிக்குக் கீழே பூட்டுகிற சாதாரண லைட்டில் அதே நீளம், அதே தடிமன், அதே முனை இருந்தது. கடைக்காரப் பெடியன் பொறுமையாகத் தேடி எடுத்துத் தந்தான். இரண்டு வாங்கினேன். எழுத்துள்ள பக்கம் மேலே போகும்படி பூட்டினேன். பளிச்சென்று எரிந்தது. பூபதி கல்லில் ஏறி, முகத்தை நிமிர்த்தி, வாயைக் கொஞ்சம் திறந்து வெயில் காய்ந்தது. அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தாளில் எழுதியிருந்த மற்ற எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்துச் செய்தேன். ஒருநாளும் தவறவில்லை. திரும்பி வந்த ரிஷானி, "மாமா, பூபதி உங்களோட நல்லா இருந்திருக்கிறார்," என்று எனக்கு ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெய் தந்தாள். திறப்பும் என்னிடமே இருக்கட்டும் என்றாள்.

கழற்றிய ரியூப்பை எறிய மனம் வரவில்லை. நல்ல சாமான். எங்கள் குசினி யன்னலில் யோகாம்பாள் வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்று ஒவ்வொரு குளிர் காலமும் இலை கொட்டி நோஞ்சானாக நின்றது. அதற்கு மேலே பூட்டினேன்.

"இந்த லைட் எங்கால?" என்றாள் யோகாம்பாள்.

"முன்வீட்டால."

"பழசாமோ?"

"உமக்குக் கறிவேப்பிலை வேணுமோ வேண்டாமோ?"

கன்று ஓகஸ்டில் துளிர்விட்டுச் செப்டெம்பரில் செழித்துவிட்டது. ரிஷானிக்கும் ஒரு பிடி முறித்துக் கொடுத்தேன். அவள் குசினிக்குள் வந்து கன்றைப் பார்த்து, லைட்டை அண்ணாந்து பார்த்து, "செடிக்கு லைட் போட்டிருக்கிறீங்கள், நல்ல ஐடியா மாமா," என்றாள். இரண்டு முழம் தூரத்தில் நின்றாள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் பூபதியின் கால் விரல்கள் துடிக்கத் தொடங்கின. பிறகு சாப்பாட்டைக் குறைத்தது. கொப்பில் ஏறுவதை விட்டது. வளரும் குட்டிக்கு இப்படி வந்தால் வேகமாக முற்றுமாம். ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். அவர் தாடையை அமத்திப் பார்த்துவிட்டு, எலும்பு இளகியிருக்கிறது, வெயில் லைட் சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். மார்ச்சில் புதிதாக வாங்கியது, அளந்தும் பார்த்தது என்று இவள் கொப்பியைக் காட்டியிருக்கிறாள். எதற்கும் புதிதாக ஒன்று மாற்றுங்கள் என்றாராம்.

மாற்றினாள். புதுப் பெட்டி உடைத்துப் புது ரியூப் போட்டாள். பழையது என்று நினைத்து நான் போட்டதைக் கழற்றி மறுசுழற்சிக்குக் கொண்டுபோனாள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை திருப்பிப் பார்க்காமல்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன யோசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முதல் முறை ஒரு பகிடி, ஒரு கோபம் என்று சொல்லிவிடலாம், அத்தோடு நின்றிருக்கலாம். நானும் யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். தீபாவளிக்கு நான்கு கிழமை இருந்தது. தவச்செல்வன் கலண்டர் தாளை முன்பே புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருந்தான். அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் தாங்கவில்லை. என்னிடம் இரண்டாவது ரியூப் இருந்தது. அவர்கள் இருவரும் வேலைக்குப் போன ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஆறேழு நிமிடத்தில் வேலை முடிந்தது. பூபதி அசையாமல் கிடந்து, ஒரு கண்ணால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. புது ரியூப் கறிவேப்பிலையின் மறுபக்கத்துக்குப் போனது.

பிறகு அவள் ஒரு உதவி கேட்டாள். மருந்து மத்தியானமும் கொடுக்க வேண்டும், இருவருக்கும் வேலை, மாமாவால் ஏலுமா என்று. ஏன் ஏலாது. திறப்பு ஏற்கனவே என்னிடம். ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்குப் போய், கையைச் சோப் போட்டுக் கழுவி, ஊசியில்லாத சிரிஞ்சில் சுண்ணாம்பு மருந்தை எடுத்து, உதட்டோரத்தில் துளித்துளியாக விட்டேன். அது நக்கிக் குடித்தது. வர வர வாயைத் திறக்கச் சிரமப்பட்டது. தாடையின் ஒரு பக்கம் மெழுகு மாதிரி வளைந்திருந்தது. நான் அவசரப்படவில்லை. கடைசிச் சொட்டு உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். மருந்து கொடுத்த நேரத்தைக் கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பியை நீங்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். என் கையெழுத்துத் திருத்தமாக இருக்கும்.

வெளி வெயிலில் வைத்துப் பாருங்கள் என்றும் வைத்தியர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்கனியில் வைத்தாள், கொஞ்சம் தலை நிமிர்த்தியதாம். பிறகு ஆராவுக்கு வழக்கமான பனிப்புகார் இறங்கி மூடிவிட்டது. பத்து நாள் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு அது கல்லிலிருந்து இறங்கும்போது பின்னங்கால் முறிந்தது. விழவில்லை, மோதவில்லை, சும்மா இறங்கியதற்கு முறிந்தது. வைத்தியர் ஊசி போட்டு முடித்துவிட்டார். ரிஷானி ஒரு சப்பாத்துப் பெட்டியோடு திரும்பி வந்ததை யன்னலால் கண்டேன். அபிசன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். வாசலில் நின்று திறப்பைத் தேடினார்கள். இரண்டு பேருக்கும் தேடத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் கடைக்குப் போனேன்.

"முடிஞ்சுது," என்றேன்.

தவச்செல்வன் கலண்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணை சொன்னா சொன்னதுதான்," என்றான். தேங்காய் பொறுக்கிய மனிதர் எனக்காகக் கதிரையை நகர்த்திப் போட்டார்.

இரண்டு நாள் கழித்துப் படியில் ரிஷானியைக் கண்டேன். முகம் வீங்கியிருந்தது. அவளாகத்தான் கதைத்தாள்.

"எல்லாம் சரியாத்தான் செய்தனான் மாமா. ஒவ்வொண்டா திருப்பித் திருப்பிப் பார்த்திட்டன். எங்கை பிழைவிட்டனான் எண்டு தெரியேல்லை. தெரிஞ்சாலாவது பரவாயில்லை."

"மனத்தை விடாதை பிள்ளை."

"ஒரு ஓணானை வைச்சிருக்கத் தெரியாத எனக்கு அவை என்னெண்டு ஒரு பிள்ளையைத் தருவினம்? தந்தாலும் நான் என்னெண்டு வாங்கிறது? அதுக்கும் என்னவும் பிழைச்சுதெண்டால்?"

உன்னில் பிழை என்று நான் சொல்லவில்லை. பிழை இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் தானாக அந்த முடிவுக்கு வந்தாள். விண்ணப்பத்தை மீளப் பெறுகிறோம் என்ற கடிதத்தை அபிசன் மறுநாள் மஞ்சள் தபால் பெட்டியில் போட்டான். போடுவதற்கு முன் நீண்ட நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எட்டு வருடமாகப் பார்த்த பெடியன். இவ்வளவு தயக்கம் உள்ளவனென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது அந்தப் பெரிய பெட்டி அவர்கள் வீட்டில் வெறுமையாக இருக்கிறது. லைட்டை மட்டும் அவள் இன்னும் காலையில் போட்டு மாலையில் அணைக்கிறாள். கதவு திறக்கும்போது தெரியும்.

விண்ணப்பக் கோப்பை மூடுவதற்கு முன் அயலவரின் கருத்தைக் கேட்பது உங்கள் வழமை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டதால் சொன்னேன். கேளாமல் விட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் பொய்யும் சொல்லியிருக்க மாட்டேன். ரியூப்பைக் கழற்றியது நான், மாற்றியது நான், இரண்டு முறையும் நான். ஒரு ஓணானை மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றதும், அதற்கு மத்தியானத்தில் மருந்து ஊட்டியதும் இந்தக் கைதான். இதற்கு உங்கள் சட்டத்தில் ஏதாவது இருந்தால் செய்யுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. கடையில் மட்டும் இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதை வாசித்துவிட்டு, அப்படியானால் அவளில் பிழையில்லை, கோப்பைத் திரும்பத் திறப்போம் என்று நீங்கள் அவசரப்படக் கூடும். உங்களுடைய நல்லதற்குச் சொல்கிறேன். அவள் அளந்தாள், எழுதினாள், கழுவினாள், எல்லாம் உண்மை. ஆனால் மூன்று மாதம் தன் வீட்டுக்குள் யார் வந்து போகிறான், என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் லைட் முன்வீட்டுக் குசினியில் எரிவதை அண்ணாந்து பார்த்தும் தெரியவில்லை. இந்தப் பெண்ணிடம் ஒரு பிள்ளையை ஒப்படைக்கலாமா என்ற கேள்விக்கு "இல்லை" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டிருக்கிறேன். வீட்டுத் திறப்பை யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவளை நம்பி ஒரு பச்சைப் பிள்ளையை எப்படிக் கொடுப்பது.